கட்டுரைக்குச் சில கோமாளிகள்

பெங்களூரு
8-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ரூபினி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயும் பன்னுமாகவே ஓட்டுகிறீர்களா? லக்கேஜ் ஆட்டோவுக்கு பிரேக் போட்டீர்களா?

நீலசந்திரா வீட்டை விட்டு வந்த பிறகு உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மகளிர் உதவி மையத்தில் எங்கள் வழக்கைப் பார்க்கும் சௌம்யா அக்காதான் வழி சொன்னார். என் கடிதத்தை அவரிடம் கொடுத்தால் மையத்திலிருந்து தபாலில் போடுவார். நீங்கள் மையத்தின் முகவரிக்கு எழுதினால் சனிக்கிழமை நான் போகும்போது பிரிக்காமல் என் கையில் கொடுப்பார். போன் மட்டும் கூடாது. நம்பரை வைத்து இடம் கண்டுபிடிக்கும் ஆள் மொபைல் கடையில் உங்களுக்கு இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியும். நாங்கள் இருக்கும் ஏரியா, என் பள்ளிக்கூடத்தின் பெயர், அம்மா வேலை பார்க்கும் இடம், இது மூன்றும் எழுதமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்களைத் தேட மாட்டேன் என்று நீங்களும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நிருபமா மிஸ் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார். நகைச்சுவைக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற ஆட்களைப் பற்றி எழுத வேண்டும். கஞ்சன், சாப்பாட்டு ராமன், மாமியார், போலிச் சாமியார், இப்படி. அவரவர் தாய்மொழியில் படித்து உதாரணம் காட்ட வேண்டுமாம். கன்னடப் பிள்ளைகளுக்கு அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. தமிழ் என்று எங்கள் லைப்ரரியில் இருப்பது ஒரு சமையல் புத்தகமும் எப்போதோ காலாவதியான ஒரு ரயில்வே கால அட்டவணையும்தான். நெட்டில் தேடினால் எல்லாம் வாட்ஸ்அப் ஜோக்.

பழைய பேப்பர் எடுக்கப் போகும்போதெல்லாம் சிரிப்புக் கதை இருக்கிற வாரப் பத்திரிகைகளை எடைக்குப் போடாமல் கட்டிலுக்கு அடியில் சேர்த்து வைப்பீர்களே, அதில் ஒரு கட்டு அனுப்ப முடியுமா? நீங்கள் சத்தமாக வாசித்து, நடுவில் உங்களுக்கே சிரிப்பு வந்து வாசிக்க முடியாமல் போகும் பாருங்கள், அதுதான் எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. இங்கே வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை.

அன்பு மகள்,
ரூபினி


நீலசந்திரா
15-7-2024

என் செல்ல ரூபிக்கு,

அப்பா ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். "ஏ குரு, என் பொண்ணு லெட்டர் போட்டிருக்கா, சுத்திக்கினு போ"ன்னு சொன்னேன். அவன் வாழ்த்திவிட்டுப் போனான். என்ன வார்த்தையில் வாழ்த்தினான் என்று கேட்காதே.

பத்திரிகை ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். பேப்பர் கடைச் சேட்டு எடை பார்த்துக் கண்ணீர் விட்டார். உனக்காகச் சில ஆட்களை நானே அறிமுகம் செய்து வைக்கிறேன், குறித்துக்கொள்.

முதலில் சாப்பாட்டு ராமன். இவன் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பதில்லை, எத்தனையாவது பந்தி என்றுதான் கேட்பான். அடுத்தவர் மறதிக்காரர். மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடியைத் தேடுவார், தேடுவதற்கு வசதியாக அதைத் துடைத்தும் கொள்வார். மூன்றாவது போலிச் சாமியார். உலகமே மாயை என்பார், தட்சணையை மட்டும் எண்ணிப் பார்ப்பார்.

எல்லாருக்கும் மேலே எனக்குப் பிடித்தது சந்தேகக் கணவன். ஒரு கதை சொல்கிறேன். பெண்டாட்டி மேல் சந்தேகப்படும் ஒருத்தன் வெளியே போகும்போது வாசலில் அரிசி மாவைத் தூவிவிட்டுப் போகிறான். யாராவது வந்தால் கால்தடம் தெரியும் அல்லவா. போகிற வழியில் குடையை மறந்துவிட்டது ஞாபகம் வந்து திரும்பி வருகிறான், எடுத்துக்கொண்டு போகிறான். சாயந்தரம் வந்து பார்த்தால் மாவில் ஆம்பளைச் செருப்புத் தடம். ஊரைக் கூட்டிவிட்டான். கடைசியில் தடத்தை அளந்து பார்த்தால் அவன் செருப்பு. அப்போதும் விட்டானா? "என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த அந்தப் பயல் யாரு?" என்றானாம். எத்தனை முறை படித்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆனால் ரூபி, பத்திரிகையிலிருந்து அப்படியே எழுதினால் மிஸ் கண்டுபிடித்துவிடுவார். உன் தெருவைப் பார். கஞ்சன் இல்லாத தெரு பெங்களூரில் உண்டா? ஒவ்வொருவரையும் பார்த்து எனக்கு எழுது. சிரிப்பு வருகிறதா என்று நான் சொல்கிறேன். ஊர் பேர் எதுவும் வேண்டாம், ஆட்களை மட்டும் எழுது.

வீடு ரொம்ப சைலண்டாக இருக்கிறது. உன் அம்மா எப்படி இருக்கிறாள்? கேட்டேன் என்று சொல்லவேண்டாம்.

உன் அப்பா,
ஞானசேகரன்


பெங்களூரு
27-7-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. அம்மா அதை மோந்து பார்த்தாள். நம் வீட்டு வாசனை அடித்தது போலிருக்கிறது.

நீங்கள் சொன்னது சரி. தெருவைப் பார்க்கத் தொடங்கியதும் கண்ணில் படுகிறவர்கள் எல்லாரும் கட்டுரையிலிருந்து இறங்கி வந்தவர்களாகவே தெரிகிறார்கள்.

சாப்பாட்டு ராமன் வகுப்பிலேயே இருக்கிறான். ப்ரஹ்லாத் என்று பெயர். வெள்ளிக்கிழமை விரதம் என்று சொல்லி டிபன் கொண்டுவருவதில்லை. விரதத்தை அனுசரித்து மற்றவர்களுடைய டிபனைச் சாப்பிடுகிறான். "நான் கொண்டு வந்து சாப்டாதானே தப்பு, நீங்க குடுத்தா பிரசாதம்" என்கிறான். கீழ் வீட்டு மாமியாருக்கு மருமகள் சினிமாவுக்குக் கிளம்பினால் மட்டும் நெஞ்சு அடைக்கும். மருமகள் புடவையை அவிழ்த்து நைட்டிக்கு மாறியதும் சரியாகிவிடும். டாக்டர்களுக்கே தெரியாத வைத்தியம்.

கஞ்சன்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிறார். எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். பெயரை எழுதவில்லை. பிளாஸ்டிக் கவர் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்பதால் இன்னமும் பேப்பரில் பொட்டலம் கட்டுகிறார். கட்டின நூலை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு அடுத்த நாள் துவரம் பருப்பு நூல் இல்லாமல் கிடைக்கும், அள்ளிக்கொண்டு போகலாம். திரும்பி வந்த நூலையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சுற்றிச் சுற்றி ஒரு பூசணிக்காய் அளவுக்கு உருண்டையாக்கி வைத்திருக்கிறார். ஆள் வந்தால் ஒழிய லைட் போடுவதில்லை. போட்டாலும், என்ன வேண்டும் என்று சொன்னதும் அணைத்துவிடுவார். நான் ஒருநாள் கேட்டேன். "என்ன வேணும்னு தெரிஞ்சுதானே வந்தே? நானும் எடுக்கத் தெரிஞ்சுதான் கடை வச்சிருக்கேன். அப்புறம் லைட்டு எதுக்கும்மா சும்மா" என்றார்.

அவரைப் பற்றி இன்னொன்று இருக்கிறது, அதுதான் ரொம்ப வேடிக்கை. எழுதினால் இடம் தெரிந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். பார்த்தீர்களா, உங்கள் பெண் எவ்வளவு ஜாக்கிரதை.

சிரிப்பு வந்ததா இல்லையா என்று எழுதுங்கள்.

அன்பு மகள்,
ரூபினி


நீலசந்திரா
5-8-2024

என் செல்ல ரூபிக்கு,

வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த நூல்காரரை நேரில் பார்த்தது போலவே இருந்தது. கண் முன்னால் நிறுத்திவிட்டாய். உன் மிஸ் முழு மார்க் போடாவிட்டால் நான் வந்து கேட்கிறேன்.

அவர் தராசில் அந்த மூன்று கால் நாய் இன்னும் ஏறிப் படுத்துக்கொள்கிறதா? அதை எழுப்ப மனசு வராமல் கையாலேயே எடை போட்டுக் கொடுப்பாரே மனுஷன். கஞ்சனுக்குள்ளும் ஈரம் இருக்கும் என்று கட்டுரையில் சேர்த்துக்கொள்.

உன் பட்டியலில் ஒரு முக்கியமான ஆள் குறைகிறான். மைனர். சலவைச் சட்டை, சென்ட் வாசனை, அடுத்தவன் பெண்டாட்டியைப் பார்த்தால் பல்லிளிப்பு. அவன் இல்லாமல் ஒரு சிரிப்புக் கதை கிடையாது. உங்கள் தெருவில் அப்படி ஒருத்தன் இல்லாமலா இருப்பான்? உன் அம்மா வேலை விட்டு வரும்போது யார் பேச்சுக் கொடுக்கிறான், யார் கூட நடந்து வருகிறான் என்று கவனி. அவன் என்ன கலர் வண்டி வைத்திருக்கிறான், எத்தனை மணிக்கு வருகிறான், எல்லாம் எழுது. விவரம் இருந்தால்தான் சிரிப்பு வரும். கட்டுரைக்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் அப்பா,
ஞானசேகரன்


பெங்களூரு
10-8-2024

அப்பாவுக்கு,

நாயைப் பற்றி நான் எழுதவே இல்லை.

ரஃப் நோட்டை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். நூல் இருக்கிறது, லைட் இருக்கிறது. நாய் இல்லை. ஆனால் கடையில் நாய் இருக்கிறது. அதற்கு மூன்று கால்தான். அது தராசில்தான் படுக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும்?

யோசித்ததும் புரிந்துவிட்டது. கடைக்காரர்களிடம் பழைய பேப்பர் வாங்குவதும் விற்பதும் உங்கள் தொழில். பெங்களூரில் நீங்கள் போகாத தெரு இல்லை. எனக்கு இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. நீங்கள் அனுப்பின பத்திரிகைகளில் ஐந்து கஞ்சர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரையும் தேடிப் போக முடியாது, அவர்களுக்குக் கதவு நம்பர் கிடையாது. நான் எழுதினவருக்கு இருந்தது. நன்றாக எழுதவேண்டும் என்ற ஆசையில் அவரை அப்படியே எழுதிவிட்டேன்.

அப்பா, நீங்கள் வரக்கூடாது. எனக்கு பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன், நீங்கள் வந்துவிடுவீர்களோ என்றுதான் பயம்.

அந்த அரிசி மாவுக் கதையைப் படித்துவிட்டுச் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நம் வீட்டில் அது அரிசி மாவு இல்லை, முகத்துக்குப் போடும் பவுடர். காலையில் வண்டியை எடுக்கும்போது வாசலில் தூவிவிட்டுப் போவீர்கள். அம்மா பகலெல்லாம் வாசல் பக்கமே போகமாட்டாள், குப்பை கொட்டக்கூட. டியூஷன் இல்லை என்று நான் ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். தெரியாமல் மிதித்துவிட்டேன். அந்தத் தடம் யாருடையது என்று கேட்டு நீங்கள் அம்மாவின் கையைக் கதவிடுக்கில் வைத்தீர்கள். என்னுடையது, என்னுடையது என்று நான் கத்தினேன். அந்தத் தடத்து மேலேயே காலை வைத்துக் காட்டினேன். நீங்கள் குனிந்து பார்க்கவில்லை. கதவில் நசுங்கின விரல் அம்மாவுக்கு இன்னும் மடங்கவில்லை. தையல் மிஷினில் நூல் கோக்க இடது கையால் பழகியிருக்கிறாள்.

மைனரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படி யாரும் இல்லை. அம்மா தனியாகத்தான் வருகிறாள், வேகமாக வருகிறாள், வந்ததும் இரண்டு தாழ்ப்பாளும் போடுகிறாள்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்யச் சொல்வாள். எனக்கு இது பத்தாம் வகுப்பு. வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும். நான் நம்புகிறேன்.

ரூபினி


பெங்களூரு
24-8-2024

அப்பாவுக்கு,

போன சனிக்கிழமையும் கடிதம் இல்லை. இன்றைக்கும் இல்லை என்று சௌம்யா அக்கா சொன்னார். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். பரீட்சை என்று சொன்னேன்.

இப்போதெல்லாம் லக்கேஜ் ஆட்டோ சத்தம் கேட்டால் நான் எங்கே இருக்கிறேனோ அங்கேயே நின்றுவிடுகிறேன். கடைக்குப் போவதில்லை. அம்மா பருப்பு வாங்கி வரச் சொன்னால் வயிற்று வலி என்கிறேன். கீழ் வீட்டு மாமியார் போல ஆகிவிட்டேன்.

ஒரே ஒரு வரி போதும் அப்பா.

ரூபினி


நீலசந்திரா
28-8-2024

என் செல்லக் கண்ணுக்கு,

அப்பா மேல் இவ்வளவு பயமா? படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நானா உன் அம்மாவின் கையை வைத்தேன்? கதவு காற்றில் சாத்திக்கொண்டது. நீ சின்னப் பெண், பதட்டத்தில் ஏதோ மாற்றிப் பார்த்திருக்கிறாய். பவுடரும் சும்மா விளையாட்டுக்குத்தான். உன் அம்மாவுக்கு விளையாட்டே பிடிக்காது.

நான் எவ்வளவு நல்லவனாக மாறிவிட்டேன் என்று சொல்கிறேன் கேள். ஜீவனஹள்ளிக்கு நான் ஒன்றும் உங்களைத் தேடி வரவில்லை. உன் நூல்காரர் கோவிந்தப்பா கடைக்குப் பொட்டலப் பேப்பர் போடத்தான் வந்தேன், அது என் லைன்தானே. ரயில் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார், அதைத்தானே நீ எழுதாமல் விட்டாய்? வண்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா போனாள். கிளிப்பச்சைப் புடவை. அது புதுசு. நான் வாங்கித் தந்ததில் கிளிப்பச்சை கிடையாது. இருந்தும் கூப்பிட்டேனா? இறங்கினேனா? அடுத்த நாளும் வந்தேன், அதற்கடுத்த நாளும் வந்தேன், ஒருநாளாவது கூப்பிட்டேனா? இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படி அடக்கமாக இருப்பான், நீயே சொல்.

ஒன்று கவனித்திருக்கிறாயா ரூபி? எல்லாச் சிரிப்புக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் சந்தேகக் கணவன் பெண்டாட்டியிடம் அசடு வழிவான். அவள் செல்லமாகக் கோபித்துக்கொள்வாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவார்கள். நம் கதையும் அப்படித்தான் முடியப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாங்கிக்கொண்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லாதே, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு. மேல் தாழ்ப்பாளை மட்டும் நீ எடுத்துவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தப் புடவை யார் வாங்கித் தந்தது என்று அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
ஞானசேகரன்


16-9-2024

அப்பாவுக்கு,

நாங்கள் இப்போது அங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திருப்பீர்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை மதியம் கையில் கிடைத்தது. மையத்து பெஞ்சில் உட்கார்ந்தே படித்தேன். படித்து முடித்ததும் சௌம்யா அக்கா கையில் கொடுத்துவிட்டேன். அவர் படித்ததும் போனை எடுத்து யாரையோ வண்டி கொண்டுவரச் சொன்னார். உங்கள் கடிதங்கள் எல்லாம் இப்போது வக்கீலிடம் இருக்கின்றன. கொடுத்தது நான்தான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். நான் எழுதின கஞ்சனைப் பற்றி, நாயைப் பற்றி, நான் மறைத்ததைப் பற்றி, எல்லாம். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். உலையில் அரிசி பாதி வெந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். "புக்கெல்லாம் எடுத்துக்கோ. யூனிஃபார்ம் ரெண்டு செட்டும் எடுத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வண்டி கண்டோன்மென்ட் தாண்டின பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் புடவை அவள் ஓவர்டைம் காசில் அவளே வாங்கினது. உங்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று இதை எழுதவில்லை. அதை உடுத்திக்கொண்ட அன்று கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தாள், அது என் ஞாபகத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

வேறு பள்ளிக்கூடம் கிடைத்திருக்கிறது. கட்டுரையை முடித்து நிருபமா மிஸ்ஸுக்குச் சௌம்யா அக்கா மூலம் அனுப்பிவிட்டேன். தெருவில் பார்த்த ஒருவரையும் அதில் வைக்கவில்லை. நீங்கள் அனுப்பின பத்திரிகைகளைத்தான் வைத்துக்கொண்டு எழுதினேன். சிரிப்புதான் வந்தது. இப்போதும் உங்கள் குரலில்தான் அதையெல்லாம் படிக்க வருகிறது, என்ன செய்தாலும் மாற்ற முடியவில்லை. அதுதான் எனக்கு உங்கள் மேல் இருக்கிற பெரிய கோபம்.

சந்தேகக் கணவனைக் கடைசியாக எழுதினேன். அந்தப் பத்திரிகைக் கட்டுக்குள் அவன் வருகிற கதைகள் பதினொன்று இருந்தன. அவன் பூட்டுகிறான், ஒளிந்து பார்க்கிறான், மோந்து பார்க்கிறான், பெண்டாட்டியின் செருப்பில் எவ்வளவு மண் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறான். எல்லாக் கதையிலும் கடைசிப் பக்கத்தில் நீங்கள் சொன்னது போலவே எல்லாரும் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் சிரிப்பு வரவில்லை என்று திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு ஒன்று கண்ணில் பட்டது, அதைக் கட்டுரையில் எழுதினேன். மிஸ் அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். மார்க்கை எழுத மறந்துவிட்டார்.

பதினொரு கதையிலும் அவனுக்குப் பிள்ளை கிடையாது. ஒன்றில்கூடக் கிடையாது. எழுதினவர்கள் யாரும் அந்த வீட்டில் ஒரு பிள்ளையை வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தால் யாராலும் சிரிக்க முடியாது, அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி நான் எழுதமாட்டேன். உங்கள் கடிதம் வந்தால் என்னிடம் தரவேண்டாம் என்று சௌம்யா அக்காவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சொல்லச் சொல்லவில்லை. நானே யோசித்துச் சொன்னேன்.

ரூபினி